சட்டம் வந்தது, அட்டை வரவில்லை

அகதிகளுக்கென்றே இயற்றப்பட்ட சட்டமும், அந்தச் சட்டத்தை மீறிய அரசைத் தடுத்து நிறுத்திய தீர்ப்புகளும், அத்தீர்ப்புகளைப் போராடிப் பெற்ற சட்ட உதவி அமைப்புகளும் ஒருசேர வாய்க்கப்பெற்ற ஆப்பிரிக்க நாடுகள் சிலவே. அவற்றுள் கென்யா குறிப்பிடத்தக்கது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளும் புகலிடம் கோருவோரும் அங்கே வாழ்கின்றனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் சோமாலியர். அடுத்த பெரும் பிரிவினர் தெற்கு சூடானியர். காங்கோ, எத்தியோப்பியா, புருண்டி நாட்டினரும் கணிசமாக உள்ளனர். இத்தனை பேருக்கும் சட்டம் வழங்கும் உரிமைகள் தாளில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆயினும், நைரோபியின் ஈஸ்ட்லி பகுதியில் கடை வைத்திருக்கும் அகதி ஒருவரைக் காவலர் தெருவில் நிறுத்தும்போது முதலில் கேட்கப்படுவது அடையாள அட்டைதான். அது கையில் இல்லாவிட்டால் சட்டத்தின் எஞ்சிய பிரிவுகள் அனைத்தும் அவருக்கு எட்டாத தொலைவுக்குப் போய்விடுகின்றன. அட்டை வழங்கும் அதிகாரமே உரிமை வழங்கும் அதிகாரமாகிவிட்ட இந்த நிலையைக் கணக்கில் கொள்ளாமல், கென்யாவின் அகதிச் சட்டத்தைப் பாராட்டுவதிலும் குறை கூறுவதிலும் அதிகப் பொருள் இல்லை.

அகதிகளின் நிலை குறித்த 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் கென்யா 1966இல் இணைந்தது. இனம், மதம், நாட்டினம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல் ஆகிய காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க காரணத்தோடு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறியவரே அகதி என்பது அவ்வுடன்படிக்கையின் வரையறை. இந்த வரையறை ஐரோப்பியப் போர்க்கால அனுபவத்திலிருந்து பிறந்தது. தனி மனிதரைக் குறிவைத்த துன்புறுத்தலைவிட, ஊரையே காலி செய்ய வைக்கும் போர்களே ஆப்பிரிக்காவில் மிகுதி என்பதால், ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1969இல் தனியாக ஓர் உடன்படிக்கையை உருவாக்கியது. அயல் ஆக்கிரமிப்பு, அந்நிய ஆதிக்கம், பொது ஒழுங்கைக் கடுமையாகக் குலைக்கும் நிகழ்வுகள் ஆகியவற்றால் வெளியேற நேர்ந்தோரும் அகதிகளே என்று அது வரையறையை விரித்தது. அதன் வழியாக, குறிப்பிட்ட நாட்டிலிருந்து வரும் அனைவரையும் தனித்தனி விசாரணையின்றிக் கூட்டாகவே அகதிகளென ஏற்கும் நடைமுறை வேரூன்றியது. கென்யா இதனை 1992இல்தான் ஏற்றது. அதற்குள் வெள்ளம் தலைக்குமேல் போயிருந்தது.

1991க்கு முன் கென்யாவில் இருந்த அகதிகள் எண்ணிக்கையில் குறைவானவர்களே. பெரும்பாலும் உகாண்டாவின் கொடுங்கோலாட்சிகளுக்குத் தப்பி வந்த படித்த மக்களாகிய அவர்கள் நகரங்களில் தங்கி ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் வேலை பார்த்தனர். சோமாலியாவில் சியாத் பாரேயின் ஆட்சியும் எத்தியோப்பியாவில் மெங்கிஸ்துவின் ஆட்சியும் 1991இல் சரிந்தபோது, சூடானின் உள்நாட்டுப் போரும் சேர்ந்துகொள்ள, ஓரிரு ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் எல்லையைக் கடந்தனர். சோமாலிய எல்லைக்கு அருகே, கரிஸா மாவட்டத்தின் வறண்ட நிலத்தில் 90,000 பேருக்கெனத் திட்டமிடப்பட்ட ததாப் முகாம்கள் 1991இலும், வடமேற்கே துர்க்கானாவில் காகுமா முகாம் 1992இலும் எழுந்தன. பின்னாளில், 2011ஆம் ஆண்டின் பஞ்சத்தின்போது, ததாபின் மக்கள்தொகை நான்கரை லட்சத்தைத் தாண்டியது. திணறிய கென்ய அரசு, பதிவு செய்வதிலிருந்து அகதித் தகுதியைத் தீர்மானிப்பது வரை அனைத்துப் பொறுப்புகளையும் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்திடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. முகாமைவிட்டு வெளியே வரக் கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் நிலைத்தது. அதற்கு எந்தச் சட்டமும் ஆதாரமாக இருக்கவில்லை என்பதைப் பதினைந்து ஆண்டுகள் எவரும் பெரிதாகக் கேட்கவுமில்லை.

2006ஆம் ஆண்டின் அகதிகள் சட்டம் அந்த வெற்றிடத்தை நிரப்பியது. தகுதியைத் தீர்மானிக்கும் ஆணையர், மறுக்கப்பட்டோர் மேல்முறையீடு செய்ய ஒரு வாரியம், துன்புறுத்தல் காத்திருக்கும் நாட்டுக்கு எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்னும் கோட்பாட்டுக்குச் சட்ட வடிவம் எனப் பல நன்மைகளை அது கொண்டுவந்தது. ஆனால் அதே சட்டம், ஒதுக்கப்பட்ட பகுதிக்கு வெளியே அனுமதியின்றி வசிப்பதை ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆக்கியது. அதாவது, வழக்கமாக மட்டும் இருந்த அடைப்பு இப்போது சட்டப்படியான அடைப்பாயிற்று. நகரத்து மருத்துவமனைக்கோ, கல்லூரிக்கோ, ஒரு திருமணத்துக்கோ செல்ல விரும்பும் அகதி, நடமாட்ட அனுமதிச் சீட்டு ஒன்றுக்கு விண்ணப்பித்து, காரணம் காட்டி, அலுவலரின் விருப்புக்குக் காத்திருக்க வேண்டும். ததாபிலிருந்து நைரோபிக்குச் செல்லும் சாலையின் சோதனைச் சாவடிகளில் அந்தச் சீட்டு இல்லாதவர் என்ன விலை கொடுத்து நகர்கிறார் என்பது அப்பகுதியில் எல்லோரும் அறிந்த செய்தி.

நீதிமன்றங்களின் தலையீடு தொடங்கியது 2012 டிசம்பரில் அரசு வெளியிட்ட ஓர் அறிவிப்பிலிருந்து. நகரங்களில் வாழும் அகதிகள் அனைவரும் முகாம்களுக்குச் செல்ல வேண்டும், நகரங்களில் பதிவு உடனே நிறுத்தப்படும் என்றது அது. பாதுகாப்பு நெருக்கடியே காரணமாகக் கூறப்பட்டது. 1973இல் தொடங்கப்பட்ட கிட்டுவோ சா ஷெரியா என்னும் இலவசச் சட்ட உதவி அமைப்பு, சில அகதிகளுடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தது. 2013 ஜூலை 26 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி டேவிட் மஜஞ்சா அளித்த தீர்ப்பு ஆப்பிரிக்க அகதிச் சட்ட வரலாற்றில் தனி இடம் பெற்றது. கென்யாவின் 2010ஆம் ஆண்டு அரசமைப்பு நடமாடும் உரிமையைக் குடிமக்களுக்கு மட்டுமன்றி ‘ஒவ்வொருவருக்கும்’ வழங்குகிறது. ஒப்புக்கொண்ட பன்னாட்டு உடன்படிக்கைகளும் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்றும் அது சொல்கிறது. இந்த இரண்டையும் பற்றிக்கொண்ட நீதிபதி, நகரத்தில் வேரூன்றித் தொழிலும் வீடும் குழந்தைகளின் பள்ளியும் அமைத்துக்கொண்டவர்களைப் பாதுகாப்பு என்ற பொதுச் சொல்லைக் காட்டி வேரோடு பெயர்ப்பது அவர்களின் கண்ணியத்துக்கும் நேர்மையான நிர்வாக நடவடிக்கைக்கான உரிமைக்கும் எதிரானது என்று அறிவிப்பை ரத்து செய்தார். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இத்தீர்ப்பை உறுதி செய்தது.

வழி நேராக இருக்கவில்லை. 2014 மார்ச்சில் அரசு ஏறத்தாழ அதே உத்தரவை அரசிதழ் அறிவிப்பின் துணையோடு மீண்டும் பிறப்பித்தபோது, அதே நீதிபதி இம்முறை அது சட்டத்துக்கு உட்பட்டதே என்று முடிவு செய்தார். முகாம்கள் முறைப்படி ஒதுக்கப்பட்ட பகுதிகளாகிவிட்டன என்பது வேறுபாடு. உரிமையின் உயிர் சில வேளைகளில் ஓர் அரசிதழ்ப் பக்கத்தில் தொங்குகிறது. அந்த ஏப்ரலில் நடந்த தேடுதல் வேட்டையில் ஆயிரக்கணக்கான சோமாலியர்கள், அவர்களுள் கென்யக் குடிமக்களும் உட்பட, பிடிக்கப்பட்டுக் கசராணி விளையாட்டரங்கில் வைத்துச் சலிக்கப்பட்டனர்; பலர் சோமாலியாவுக்கு விமானம் ஏற்றப்பட்டனர். அதே ஆண்டின் இறுதியில், நாட்டில் இருக்கக்கூடிய அகதிகளின் உச்ச எண்ணிக்கை 1,50,000 என வரம்பிட்ட சட்டத்திருத்தம் வந்தது. அப்போதே அதைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகமானோர் நாட்டில் இருந்ததால், அவ்வரம்பைச் செயல்படுத்துவதென்றால் லட்சக்கணக்கானோரை வெளியேற்றுவது என்றுதான் பொருள். 2015 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை அரசமைப்புக்கு முரணானது எனத் தள்ளியது. ததாபை மூடிவிடுவதாக 2016இல் அரசு அறிவித்தபோது, தேசிய மனித உரிமை ஆணையமும் கிட்டுவோவும் தொடுத்த வழக்கில், 2017 பிப்ரவரி 9 அன்று நீதிபதி ஜான் மத்திவோ, அந்த முடிவு சோமாலிய அகதிகளை ஒரு கூட்டமாகக் குறிவைத்துத் துன்புறுத்துவது என்றே எழுதினார். 2021இல் இரு முகாம்களையும் மூட மீண்டும் கெடு விதிக்கப்பட்டதும், அந்தக் கெடு நாட்கள் வந்து போனதும், முகாம்கள் இன்றும் இருப்பதும் இதன் தொடர்ச்சி.

இத்தனை வெற்றிகளுக்குப் பின்னும் அகதிகளின் அன்றாடம் பெரிதாக மாறாததற்குக் காரணம், தீர்ப்பு என்பது அரசு செய்வதைத் தடுக்க வல்லதே தவிர, செய்யாமல் விடுவதை எளிதில் அசைக்க வல்லதன்று என்பதே. ததாபை மூடும் முயற்சியை நீதிமன்றம் தடுத்தது. ஆனால் 2016இல் அகதிகள் விவகாரத் துறையே ஒரே உத்தரவில் கலைக்கப்பட்டதும், சோமாலியர்களைக் கூட்டாக அகதிகளென ஏற்கும் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டதும், ததாபுக்குப் புதிதாக வந்தோரின் பதிவு ஆண்டுக்கணக்கில் நின்றுபோனதும் மக்கள் மீது இறங்கிய விதம் வேறு. எவரும் கைது செய்யப்படவில்லை, எந்தப் பேருந்திலும் ஏற்றப்படவில்லை. பதிவுச் சாளரம் மூடியிருந்தது, அவ்வளவே. பதிவு இல்லாதவருக்கு உணவுப் பங்கு இல்லை. உறவினரின் பங்கில் ஒட்டிக்கொண்டு வாழ வேண்டும். விண்ணப்பித்த 90 நாட்களுக்குள் தகுதி முடிவு செய்யப்பட வேண்டும் என்று சட்டம் சொல்ல, நடைமுறையில் அந்தக் காத்திருப்பு ஆண்டுகளாக நீள்கிறது. அட்டை காலாவதியானால் புதுப்பிக்கவும் அதே வரிசைதான். வங்கிக் கணக்கு, கைப்பேசி இணைப்பு, கென்யாவின் அன்றாடப் பணப்புழக்கமான எம்-பெசா சேவை, வணிக உரிமம், வரி எண் என ஒவ்வொன்றும் அந்த அட்டையின் எண்ணைக் கேட்கிறது. எண் இருந்தாலும், அகதி அட்டையின் எண்ணைப் பல கணினி முறைகள் நீண்டகாலம் ஏற்காமலே இருந்தன.

அட்டை இல்லாத இந்த இடைவெளியில்தான் சட்ட உதவி அமைப்புகளின் உண்மையான உழைப்பு நடக்கிறது. அரசமைப்பு வழக்குகள் செய்தித்தாள்களில் இடம்பெறுகின்றன. அவற்றைவிடப் பன்மடங்கு நேரம் காவல் நிலையங்களில் கழிகிறது. 1998இல் நிறுவப்பட்ட கென்ய அகதிகள் கூட்டமைப்பு, கிட்டுவோ சா ஷெரியா, நார்வே அகதிகள் மன்றம் போன்றவற்றின் சட்டப் பிரிவுகள் செய்யும் பணிகள் பெரும்பாலும் சிறியவை, ஓயாதவை: நடமாட்ட அனுமதியின்றிப் பிடிபட்டவரின் பதிவைத் தேடி எடுத்து நீதித்துறை நடுவர் முன் காட்டுவது, எல்லையருகே தடுத்துவைக்கப்பட்டவர் புகலிடம் கோரியவரே, சட்டவிரோதக் குடியேறி அல்லர் என்று வாதிடுவது, தகுதி நேர்காணலுக்குச் செல்பவருக்கு எவை கேட்கப்படும் என்று விளக்குவது, மறுப்புக் கடிதத்துக்கு மேல்முறையீடு எழுதுவது, முகாமில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது. கடைசியாகக் குறிப்பிட்டது அற்பமாகத் தோன்றலாம். கென்யாவின் பிறப்புச் சான்றிதழ் குடியுரிமை எதையும் தருவதில்லை. ஆயினும் இன்னாருக்கு இன்ன இடத்தில் பிறந்தவர் என்று காட்டும் ஒரே ஆவணம் அதுதான் என்பதால், பின்னாளில் எந்த நாடும் ஏற்காத நாடற்றவராக அக்குழந்தை மாறாமலிருக்க அதுவே முதல் அரண்.

முகாமுக்குள் நடக்கும் குற்றங்களைப் பொறுத்தவரை சிக்கல் வேறு வகைப்பட்டது. ததாபின் சோமாலியர்களிடையே மஸ்லஹா எனப்படும் பெரியோர் சமரச முறை வழக்கில் உள்ளது. கடன், நிலம், கால்நடைத் தகராறுகளை அது விரைவாகவும் செலவின்றியும் தீர்த்துவைக்கிறது என்பதை மறுக்க முடியாது. பாலியல் வன்கொடுமையும் அதே பந்தலுக்குக் கொண்டுவரப்பட்டு, குற்றவாளியின் குலம் பாதிக்கப்பட்டவரின் குலத்துக்கு ஈட்டுத்தொகை கொடுப்பதோடு முடித்துவைக்கப்படும்போதுதான் அந்த முறை அநீதியாகிறது. தொகை தந்தைக்கோ சகோதரருக்கோ போகிறது, பெண்ணின் சம்மதம் கேட்கப்படுவதில்லை. இதற்கு மாற்றாகவே கரிஸா போன்ற நகரங்களிலிருந்து நடுவர்கள் முகாம்களுக்கு வந்து விசாரிக்கும் நடமாடும் நீதிமன்றங்கள் அமைந்தன. சட்ட உதவி அமைப்புகள் அகதிகளிலிருந்தே சட்டத் தொண்டர்களைப் பயிற்றுவித்து, புகார் செய்த பெண்ணைப் பாதுகாப்பான இல்லத்தில் தங்கவைத்து, சாட்சி சொல்லும் நாள்வரை உடன் நிற்கின்றன. அடுத்த அமர்வு எப்போது என்பது உறுதியில்லாத ஒரு நீதிமன்றத்துக்காக, குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினர்கள் நடுவே மாதக்கணக்கில் காத்திருப்பவரை அந்தத் தொண்டரின் துணை ஒன்றே தளராமல் நிற்கவைக்கிறது. ஆலோசனை, உறைவிடம், மனநல உதவி ஆகியவற்றைச் சட்டத்திலிருந்து பிரித்து ‘நலப்பணி’ என்று தனிப்பெட்டியில் போடும் அலுவலக மனப்பான்மை எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பதிவேட்டின் வலிமை எவ்வளவு என்பதைக் காட்ட, அகதிகளே அல்லாத ஒரு கூட்டத்தாரின் கதை உதவும். வடகிழக்குக் கென்யாவின் சோமாலி இனக் குடிமக்களுள் பலர், வறட்சிக் காலங்களில் உணவுப் பங்குக்காகவும் மருத்துவத்துக்காகவும் முகாமில் தம் பெயரையோ குழந்தைகளின் பெயரையோ அகதிகளாகப் பதிந்தனர். அக்குழந்தைகள் 18 வயதில் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது, விரல்ரேகை அகதிகள் பட்டியலில் இருப்பதாகக் கூறி மறுக்கப்பட்டனர். பட்டினியில் பெற்றோர் எடுத்த ஒரு முடிவுக்காகப் பல்லாயிரம் இளைஞர்கள், சொந்த நாட்டில் வாக்களிக்கவோ வேலைக்குச் சேரவோ வழியின்றி ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். இரட்டைப் பதிவுக்காரர்கள் எனப்படும் இவர்களின் வழக்குகளையும் இதே சட்ட உதவி வழக்கறிஞர்களே நடத்த நேர்ந்தது.

திருப்பி அனுப்பாமை என்னும் அடிப்படைக் கோட்பாடேகூட அட்டையுள்ளவர்களுக்கும் எப்போதும் காவலாக நின்றதில்லை. 2017 ஜனவரியில் நைரோபியில் கடத்தப்பட்ட தெற்கு சூடானின் மனித உரிமை வழக்கறிஞர் ஒருவரும் எதிர்க்கட்சியாளர் ஒருவரும் தங்கள் நாட்டில் கொல்லப்பட்டிருக்கவே வாய்ப்பு மிகுதி என்று ஐ.நா. வல்லுநர் குழு 2019இல் முடிவு செய்தது. 2024 அக்டோபரில், அகதிகளாக ஏற்கப்பட்டிருந்த துருக்கியர் நால்வர் நைரோபியில் பிடிக்கப்பட்டு, துருக்கி அரசின் வேண்டுகோளின்பேரில் அந்நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டனர். கென்ய வெளியுறவு அமைச்சகமே அதை ஒப்புக்கொண்டது. வழக்கறிஞர் நீதிமன்றப் படியேறுமுன் விமானம் கிளம்பிவிட்டால், எந்தச் சட்டப் பிரிவும் பின்னோக்கி இயங்காது.

2021 நவம்பரில் கையெழுத்தாகி அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய அகதிகள் சட்டம் பழைய சட்டத்தைவிடத் தாராளமானது. தகுதியுள்ள தொழிலைச் செய்யவும் நிறுவனம் தொடங்கவும் அகதிக்கு உரிமை உண்டு என்கிறது. அதற்கு வேண்டிய ஆவணங்களைத் தேசிய அரசும் மாவட்ட அரசும் வழங்க வேண்டும் என்கிறது. ஒதுக்கப்பட்ட பகுதி என்ற கருத்தை மட்டும் கைவிடவில்லை. அச்சட்டத்தின் இன்னொரு பிரிவு நுணுகிப் பார்க்கத்தக்கது: கிழக்கு ஆப்பிரிக்கச் சமூக நாடுகளிலிருந்து வந்தோர், விரும்பினால் அகதித் தகுதியைத் துறந்துவிட்டு, அச்சமூகத்தின் குடிமக்களுக்குரிய நடமாட்ட, தொழில் உரிமைகளைப் பெறலாம். தெற்கு சூடான் 2016இலும், காங்கோ 2022இலும், சோமாலியா 2024இலும் இச்சமூகத்தில் இணைந்துவிட்டதால் கென்யாவின் அகதிகளுள் மிகப் பெரும்பாலோருக்கு இந்த வாசல் திறந்திருக்கிறது. வேலை வேண்டுமென்றால் பாதுகாப்பை விடு, பாதுகாப்பு வேண்டுமென்றால் முகாமில் இரு என்னும் பேரமாக இது மாறிவிடக் கூடும். சொந்த நாட்டின் கடவுச்சீட்டைப் பெற, தாம் எந்த அரசுக்கு அஞ்சி ஓடினாரோ அந்த அரசின் தூதரகக் கதவையே தட்ட வேண்டும் என்பதையும், துறந்த தகுதியை மீண்டும் பெறுவது எளிதன்று என்பதையும் எடுத்துச்சொல்லும் சட்ட ஆலோசனை இல்லாமல் இப்படிவத்தில் வாங்கப்படும் கையெழுத்தை மனமொப்பிய கையெழுத்து என்று கூறுவது கடினம்.

2025 மார்ச்சில் அதிபர் வில்லியம் ரூட்டோ தொடங்கிவைத்த ஷிரிக்கா திட்டம், ததாபையும் காகுமாவையும் உள்ளூர் மக்களும் அகதிகளும் சேர்ந்து வாழும் நகரங்களாகப் படிப்படியாக மாற்றுவதாகச் சொல்கிறது. காகுமாவுக்கு அருகே 2016இல் தொடங்கப்பட்ட கலோபெயி குடியிருப்பு இதன் முன்னோட்டம். அங்கே துர்க்கானா மக்களும் அகதிகளும் ஒரே பள்ளியையும் மருத்துவமனையையும் பயன்படுத்த, உணவுக்குப் பதில் கைப்பேசி வழியே பணம் வழங்கப்பட்டது. எண்ணம் நல்லது. ஆனால் அது வந்த நேரம் மோசமானது. அமெரிக்க உதவி வெட்டப்பட்ட அதே ஆண்டில் காகுமாவின் உணவுப் பங்கு முழு அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. மார்ச்சிலேயே உணவுக் குறைப்பை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது காவல்துறை சுட்டதில் சிலர் காயமடைந்தனர். தற்சார்பு என்ற சொல், நிதி வறண்டுபோனதை மறைக்கும் போர்வையாகிவிடும் ஆபத்து இங்கே தெளிவாகத் தெரிகிறது. வெளியூர் செல்ல உரிமையற்ற ஒருவரிடம் சொந்தக் காலில் நில் என்று சொல்லிவிட்டு அரிசியை நிறுத்துவது கொள்கை ஆகாது.

சட்ட உதவியும் இதே நன்கொடைக் கயிற்றில்தான் தொங்குகிறது. 2016ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டம், அரசுச் செலவில் வழக்கறிஞர் உதவி பெறத் தகுதியுடையோர் பட்டியலில் அகதிகளையும் நாடற்றோரையும் சேர்த்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் அரிதான இந்த ஏற்பாடு இருந்தும், முகாமில் அகதியோடு நடுவர் முன் நிற்பவர் பெரும்பாலும் வெளிநாட்டு நிதியில் இயங்கும் தொண்டு நிறுவனத்தின் வழக்கறிஞரே. அந்த நிதி நிற்கும் நாளில் அவரும் நிற்கிறார். ஷிரிக்கா திட்டத்துக்குப் பணம் தரும் நாடுகளும் உலக நிறுவனங்களும் சாலைக்கும் குடிநீருக்கும் தொகை ஒதுக்கும்போது இரண்டு செயல்களை நிபந்தனையாக வைக்கலாம். கென்ய நாடாளுமன்றம் எவர் நிபந்தனைக்கும் காத்திராமல் தானே செய்யவும் செய்யலாம். முதலாவது, 90 நாட்களுக்குள் தகுதி முடிவாகாவிட்டால் அந்தத் தாமதத்தின் சுமை விண்ணப்பதாரர் தலையில் விழாதபடி, விண்ணப்ப ரசீதையே முழு அட்டைக்கு நிகராகக் காவல்துறையும் வங்கிகளும் ஏற்க வேண்டுமென விதி செய்வது. இரண்டாவது, ததாபிலும் காகுமாவிலும் ஆண்டு முழுவதும் இயங்கும் அரசுச் சட்ட உதவிக்கு நாட்டின் நிதிநிலை அறிக்கையிலேயே தொகை ஒதுக்குவது. இரண்டுக்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. இருக்கும் சட்டங்களே போதும்.